டிவி பெட்டியில் போன கம்ப்யூட்டர்

“நல்ல கம்ப்யூட்டரா ஒன்னு போட்டுக் குடுங்க” என்று ஒருவர் கடைக்குள் வந்தால் முதலில் அவரிடம் என்ன கேட்பீர்கள்?

போன வாரம் உங்கள் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். ரிட்டயர் ஆனவளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்திருப்பீர்கள். வந்தவரிடம் பட்ஜெட் எவ்வளவு என்று கேட்டீர்கள். கேம் விளையாடவா, ஆபீஸ் வேலைக்கா என்று கேட்டீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீங்களே பேச ஆரம்பித்துவிட்டீர்கள். பிராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு என்று நீங்கள் அடுக்க அடுக்க அந்த மனிதர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அதே தலையாட்டலை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, உங்களைப் போலவே, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உங்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நான் செய்த தப்பைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்தவள். அப்பா காத்தான், பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். படிப்பு முடிந்ததும் செனவாங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்து எட்டு வருடம் ஈயம் பற்றவைத்தேன். அங்கிருந்து சிரம்பானில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கம்ப்யூட்டர் கடைக்கு வந்தேன். தவுக்கே விலை பேசுவார். எந்தப் பாகம் போடுவது, எப்படிப் பொருத்துவது என்பதெல்லாம் என் பாடு. வருகிறவர்கள் பாதிப் பேர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். “ஆள் இல்லையா?” என்பார்கள். “ஆள்தான் நிக்கிறேன்ல, சொல்லுங்க” என்பேன். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் அதிகம். இப்போதும் குறைந்துவிடவில்லை.

விண்டோஸ் 95 வந்து ஒரு வருடம் ஆகியிருந்த நேரம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். தம்பின் டவுனுக்குப் போகும் வழியிலுள்ள ஒரு பெரிய தோட்டத்தின் தலைமைக் குமாஸ்தா. பெயர் வேண்டாம், தோட்டத்து ஜனங்கள் கூப்பிடுவதுபோலப் பெரிய கிராணி என்றே வைத்துக்கொள்வோம். ஐம்பதைத் தாண்டிய வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவரும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நல்ல கம்ப்யூட்டரா ஒன்னு வேணும்மா. வீட்டுக்கு” என்றார்.

எனக்கு அந்த வெள்ளைச் சட்டையைக் கண்டதுமே மனசு கோணிக்கொண்டது. டவுனில் பிறந்த உங்களுக்குக் கிராணி என்றால் வெறும் குமாஸ்தா. எங்களுக்கு அப்படியில்லை. விடியற்காலையில் எல்லோரும் ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்பதைப் பெரட்டு என்போம். கிராணி புத்தகத்தோடு வந்து பேர் கூப்பிடுவார், அந்தப் புத்தகக் கணக்குக்கும் பெரட்டு என்றுதான் பேர். நேரத்துக்கு நின்றவனுக்கு முழுப் பேர், பிந்தி வந்தவனுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதான். எனக்கு ஆறு வயதில் கடும் காய்ச்சல். அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே விட்டுவிட்டு ஓடிவந்து, தனக்கான மரங்கள் அத்தனையையும் வெட்டி முடித்தார். எங்கள் தோட்டத்துக் கிராணி அரைப் பேர்தான் போட்டார். அப்பா “சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டு வந்தார். என்னால்தான் போயிற்று என்று அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது. அந்த “சரிங்கய்யா” பல வருடம் எனக்குள் உறுத்திக்கொண்டே கிடந்தது.

இவர் அந்தக் கிராணி இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மாமியார் மேல் உள்ள கோபத்தைப் பானை மேல் காட்டுவதில்லையா?

அடித்துப் பழி வாங்கவில்லை, மரியாதையாகவே வாங்கினேன். அவருக்குப் புரியாத மாதிரி பேசினேன். பென்டியம் பிராசசர், பதினாறு எம்பி ரேம், சிடி டிரைவ், சவுண்டு கார்டு, புத்தம் புது விண்டோஸ் என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். ஊருக்கெல்லாம் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பவர், கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தால் படித்து அர்த்தம் சொல்பவர், தெரியாது என்று சொல்லிப் பழகாத வாய். அவரும் என்ன செய்வார், தலையாட்டினார். அவர் கொண்டுவந்த தொகைக்குள் சவுண்டு கார்டை நுழைப்பதற்காக, கடையில் இருந்ததிலேயே மலிவான கீபோர்டைப் போட்டேன். பெரிய கிராணியின் வீட்டில் இந்தப் பக்கத்திலேயே சிறந்த கம்ப்யூட்டர் இருக்கும், அதைத் தொடுவதற்குக்கூட அவருக்குத் தெரியாது என்று நினைக்க எனக்கு இனித்தது.

ஒரே ஒரு கேள்வி போதும். “இத வச்சு என்ன பண்ணப் போறீங்கய்யா?” நான் கேட்கவில்லை. தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். வீம்பால் விட்டேன்.

போகும்போது அவர் ஒன்று கேட்டார். “பெட்டிய வீட்டுக்குக் கொண்டு வர்றப்போ டிவி பெட்டியில வச்சுக் கொண்டுவர முடியுமாம்மா?”

“ஏங்கய்யா?”

“சும்மாதான். கண்ணு படும்.”

தவுக்கேக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்துக் கடையில் பெரிய டிவி அட்டைப்பெட்டி ஒன்று வாங்கி, மானிட்டரை அதற்குள் வைத்து, வேனில் ஏற்றி அனுப்பினோம். மௌஸ் பிடிக்க, எழுத, படம் வரைய எல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டு வரும்படி கடைப் பையனிடம் சொல்லி அனுப்பினேன். அத்தோடு அவரை மறந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். சனிக்கிழமை காலையில் கடைக்குப் போன் வந்தது. பின்னால் சந்தை இரைச்சல்.

“நான்தாம்மா பேசறேன், டிவி பெட்டியில கம்ப்யூட்டர் வாங்கினவரு. தம்பின்ல பொது போன்ல இருந்து கூப்பிடறேன். ஒன்னு கேக்கணும். நம்ம பெட்டியில அந்தக் கறுப்புத் திரை எங்கம்மா இருக்கு?”

“என்ன கறுப்புத் திரைங்கய்யா?”

காசு போடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கொட்டத் தொடங்கினார். ஹெட் ஆபீஸ் எல்லாத் தோட்டத்துக்கும் கம்ப்யூட்டர் அனுப்பப்போவதாகப் பல மாதமாகவே பேச்சு. அதற்காகத்தான் அவர் யாருக்கும் தெரியாமல் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, ஆறு வாரம் பழகியிருக்கிறார். மௌஸ் கைவந்துவிட்டது. கடிதம் அடிக்கிறார். சீட்டு விளையாட்டில்கூட ஜெயிக்கிறார். இந்த வாரம் ஆபீஸ் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஹெட் ஆபீஸ் ஆள் ஒருமுறை இயக்கிக் காட்டினான். அதில் மௌஸும் இல்லை, படமும் இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஓரத்தில் கண்சிமிட்டும் ஒரு கோடு. அது டாஸ், விண்டோஸுக்கு முந்தினது. ஹெட் ஆபீஸின் பெரட்டு புரோகிராம் பழைய டாஸில்தான் ஓடியது. அந்தக் காலத்தில் பாதி ஆபீஸ்கள் அப்படித்தான். அது எனக்குத் தெரியாத விஷயமா?

“வர்ற வெள்ளிக்கிழமை டெஸ்ட்டும்மா. ஒரு கங்காணி செட்டோட பெரட்ட அதுல ஏத்திக் காட்டணும். முடியாதவங்க வருஷக் கடைசியோட ஓய்வு வாங்கிக்கலாம்னு சொல்லிட்டாங்க. வேலை போனா வீடும் போயிடும். தோட்டத்து வீடு பாருங்க.”

காசு போடும் சத்தம் மறுபடியும் கேட்டது.

“உங்க மேல தப்பில்லம்மா. நீங்க நல்லதாத்தானே குடுத்தீங்க” என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். வெட்கத்தில் காது சுட்டது.

“வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்காய்யா?”

“கீபோர்டுதான். அழுத்தினா சில சமயம் விழுறதில்ல, சில சமயம் ரெண்டு ரெண்டா விழுது.”

“நாளைக்கு வர்றேன். அந்த ஆபீஸ் திரையில என்னென்ன இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?”

“வரைஞ்சே வச்சிருக்கேன்” என்றார்.

தவுக்கேயிடம் சொன்னேன். அவர் சுலபமான வழி சொன்னார். “டிஸ்கெட் ஒன்னு குடுத்து அனுப்பு லா. ஆபீஸ் புரோகிராம காப்பி பண்ணிட்டு வரட்டும். வீட்டுல போட்டுப் பழகலாம்.” சொல்வது நியாயம்போலத்தான் தெரிந்தது. கைகூட டிஸ்கெட் இருக்கும் டப்பாவுக்குப் போய்விட்டது. பிறகு யோசித்தேன். ஆபீஸ் பொருளைத் திருடினார் என்று பிடிபட்டால், டெஸ்ட்டில் தோற்பதற்கு முன்னாலேயே வேலை போகும், பேரும் சேர்ந்து போகும். அவசரத்தில் கிடைக்கிற சுலப வழிக்கு யார் விலை கொடுப்பார்கள் என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பெரும்பாலும் அது நாமாக இருக்காது. டிஸ்கெட்டைத் திரும்ப டப்பாவில் போட்டேன். பின்னறையில் ஏதோ பழைய வங்கிக் கம்ப்யூட்டரோடு வந்த ஒரு கீபோர்டு கிடந்தது. செங்கல் கனம், அழுத்தினால் டக்கு டக்கென்று சத்தம். அதைத் துடைத்து எடுத்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீபோர்டை என் கப்சாய் மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். தோட்டத்துக்குள் நுழைந்ததும் யாரோ, “கிராணி வூட்டு டிவி ரிப்பேருக்கு பொம்பள வந்திருக்கு!” என்று கத்தினார்கள். விஷயம் பிறகுதான் தெரிந்தது. டிவி பெட்டி இறங்கியதை லயமே, தொழிலாளர் வீட்டு வரிசை முழுக்க, பார்த்திருக்கிறது. தீபாவளிக்குக் கிராணி வீட்டுக்குப் பலகாரம் சாப்பிட வந்த கூட்டமெல்லாம் புது டிவியில் படம் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டது. கிராணியம்மா டிவி ரிப்பேர் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். பாவம், வாங்கினதும் ரிப்பேர் ஆகிவிட்டதே என்று தோட்டமே அவர்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

வந்தவள் டிவி ரிப்பேர்காரி என்று ஆகிவிட்டதால் நான் வீட்டுக்குள் போவதற்கு முன்னாலேயே இரண்டு பெண்கள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மறுத்தால் குட்டு உடைந்துவிடும். வாசலிலேயே உட்கார்ந்து ஒன்றைப் பாட வைத்தேன். இன்னொன்றுக்குள் பல்லி செத்துக் கிடந்தது. அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

உள்ளறையில் ஜன்னல் சாத்தி, மானிட்டர் மேல் பூப்போட்ட துணி. கிராணி ஆபீஸுக்குப் போவதுபோல வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசை மேல் நான்கு தாள்கள். ஒருமுறை பார்த்த அந்தத் திரைகளை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அப்படியே வரைந்திருந்தார். எந்தத் தலைப்பு எந்த வரியில், எத்தனை எழுத்துக்கு இடம், எந்தப் பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கம், கடைசி ஓரத்தில் குறிப்பு எழுத எவ்வளவு இடம் என்று எல்லாம் இருந்தது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. செனவாங் தொழிற்சாலையில் எஞ்சினியர்களே இவ்வளவு சுத்தமாக வரைந்து நான் பார்த்ததில்லை.

முதலில் மௌஸைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். அவர் முகம் வாடியது. பிறகு கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். திறந்ததும் விண்டோஸ் வராமல் டாஸிலேயே நிற்கும்படி. அவர் தேடிய கறுப்புத் திரை அந்தப் பெட்டிக்குள்ளேயேதான் ஆறு வாரமும் இருந்திருக்கிறது. மாலை வகுப்பில் படித்த பேசிக் மொழி அன்றைக்குக் கைகொடுத்தது. அவர் வரைந்த தாள்களைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி திரை காட்டும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். கணக்கெல்லாம் போடாது. அடித்ததை அன்றைய தேதியில் சேமித்துவைக்கும், அவ்வளவுதான். பழகுவதற்கு அது போதும்.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் ஏதோ பழைய தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை விரல்கள் மேசை மேல் தாமாகவே குதித்துக்கொண்டிருந்தன. கண் தாளில்தான் இருந்தது.

“ஐயா, ஆபீஸ்ல கூட்டல் மிஷின் வச்சிருக்கீங்களா?”

“இருபத்தேழு வருஷமா அதான் அடிக்கிறேன்.”

“பார்த்து அடிப்பீங்களா?”

“பார்த்தா எப்படிம்மா? கண்ணு தாள்ல இருக்கணும்ல?”

கப்சாயில் கட்டிக்கொண்டு வந்த கீபோர்டை அவர் முன்னால் வைத்து, வலது பக்கத்து எண்களைக் காட்டினேன். கூட்டல் மிஷினிலும் அதே வரிசைதான், ஏழு எட்டு ஒன்பது மேலே. அவர் கையை வைத்தார். டக்கு டக்கென்று ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள், நான் எட்டு வருடம் வேலை செய்த தொழிற்சாலையில்கூட அவ்வளவு வேகமான கையை நான் கண்டதில்லை. ஒரு எண்கூடத் தப்பவில்லை. அந்தக் கைக்குத்தான் நான் கடையிலேயே மலிவான கீபோர்டைக் கொடுத்திருந்தேன். மனிதன் கை படுகிற பாகத்தில் மிச்சம் பிடித்து, அவர் ஒரு நாளும் கேட்கப்போகாத சவுண்டு கார்டில் கொட்டியிருந்தேன்.

பழகுவதற்குப் பேர்ப் பட்டியல் வேண்டுமே. என் மனப்பாடத்தில் இருந்தது என் அப்பா வேலை செய்த செட்டுதான். பன்னிரண்டு பேரை அடித்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பேராக வந்தார். முழுப் பேருக்கு ஒன்று, வராதவருக்கு சைபர். ஐந்தாவது பேர், காத்தான்.

“இவரு லேட்டு” என்றேன். என் குரல் எனக்கே வித்தியாசமாகக் கேட்டது. “மகளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டு வந்தாரு. ஆனா மரத்தையெல்லாம் வெட்டி முடிச்சுட்டாரு.”

அவர் விரல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. “லேட்டுன்னா அரைப் பேருதாம்மா” என்று சொல்லி அரையை அடித்துவிட்டு ஆறாவது பேருக்குப் போனார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மௌஸை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று தோன்றியது. இந்த மனிதனுடைய வேலையைக் காப்பாற்ற ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மோட்டாரில் வந்தேனே, எனக்கு என்ன தலையெழுத்து? தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அடுப்படியில் சுவரோரமாக நான்கு அட்டைப்பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. பாத்திர அலமாரி பாதி காலி. சாமி படங்கள் செய்தித்தாளில் சுற்றித் தரையில் சாய்ந்திருந்தன. மேலே சுவரில் வெள்ளைச் சதுரங்கள். கிராணியம்மா காப்பி ஆற்றிக்கொண்டே நான் பார்ப்பதைப் பார்த்தார்.

“அவருகிட்ட சொல்லாதம்மா. பரண்ல எடம் இல்லன்னு சொல்லி வச்சிருக்கேன். கடைசி நேரத்துல அவசரமா கழட்டினா கண்ணாடி ஒடைஞ்சிடும் பாரு.”

“எங்க போவீங்க?”

“தெரியலயே. மூனு புள்ளையும் இந்த வூட்டுலதான் பொறந்துச்சு.” காப்பியைக் கொடுத்தார். “நீ வர்றேன்னதும் நேத்து ராத்திரி ரெண்டு வாய் சாப்புட்டாரு.”

நான் அந்தக் காப்பியை நின்றபடியே குடித்தேன். வேலை போனால் வீடு போகும் என்ற பயம் எங்கள் லயத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். வெள்ளைச் சட்டைக்கும் அதே பயம்தான். வெளியே காட்ட முடியாததால் கூடுதல் பயம். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கோபத்தை அங்கேயே அடுப்படியில் வைத்துவிட்டு, திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “ஏழாவது பேர்ல இருந்து மறுபடியும் அடிங்கய்யா” என்றேன். சாயந்திரம் வரைக்கும் அடித்தார். கோடு கண்சிமிட்டினால் என்ன அர்த்தம், தப்பாக அடித்தால் எப்படித் திரும்புவது, மிஷின் திட்டினால் பயப்படாமல் எந்தப் பொத்தான் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

கிளம்பும்போது சர்வீஸ் தாள் எழுதினேன். தவுக்கே அதில் ரொம்பக் கண்டிப்பு. வேலை பார்த்தவர் அடையாள அட்டையில் இருக்கிறபடி முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு மோட்டாரை எடுத்தேன். “திங்கள் முதல் வியாழன் வரைக்கும் தினம் ஒரு தடவை, அதே பட்டியல்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. ஒரு ரேமைத் தலைகீழாகப் பொருத்தப் பார்த்து தவுக்கேயிடம் திட்டு வாங்கினேன். மூன்று மணிக்குப் போன் அடித்தது. பின்னால் சந்தை இரைச்சல் இல்லை.

“நான்தாம்மா. ஆபீஸ் போன்ல இருந்துதான் பேசறேன்.”

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒளிந்து பேசவில்லை.

“ஹெட் ஆபீஸ் ஆளு, கொஞ்சம் மெதுவா அடிங்க, நான் பார்க்கணும்னான்” என்றார். எங்கே படித்தீர்கள் என்று அவன் கேட்டதற்கு, எல்லோர் முன்னிலையிலும் வீட்டில் என்று சொல்லிவிட்டாராம். அன்று சாயந்திரமே பூப்போட்ட துணி மேசைக்கு விரிப்பாகிவிட்டது. லயத்துக் கூட்டம் வந்து டிவி இல்லாத டிவியைப் பார்த்துச் சிரித்ததாம். மௌஸைத் திருப்பிக் கேட்டு அனுப்பினார். கடுதாசி அடிக்கவும், பிள்ளைகள் சீட்டு விளையாடவும். கிராணியம்மா சாமி படங்களைத் திரும்ப மாட்டினாராம். அதை அவர் சொல்லவில்லை, பிறகு அந்தம்மாவே சொன்னார்.

இத்தோடு நிறுத்தினால் கெட்டிக்காரி கதையாகிவிடும். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

மூன்று வருடம் கழித்து, இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்த சமயத்தில், பெரிய கிராணி கடைக்கு வந்தார். பணி ஓய்வு பெற்று தம்பினில் சொந்தமாக வீடு பார்த்துக்கொண்டு போகிறார். பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் புதிது வேண்டும். இந்த முறை அவரை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டேன். என்ன எழுதுவீர்கள், யார் யார் தொடுவார்கள், கண் எப்படி, மேசை எங்கே என்று. கடைசியில் அவரே சிரித்துவிட்டு, “கீபோர்டு மட்டும் அதேதாம்மா” என்றார். தோட்டத்து ஜனங்களுக்குத் தமிழில் கடிதம் அடித்துக் கொடுக்கத் தமிழ் எழுத்துரு வேண்டும் என்றார். அதற்கேற்ற மாதிரி ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

பழைய டிஸ்கை அழிப்பதற்கு முன்னால் அவருடைய கோப்புகளை எடுத்துவைக்கத் திறந்தேன். நான் எழுதிய அந்தச் சின்ன புரோகிராம் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஐந்து கோப்புகள், ஞாயிறு முதல் வியாழன் வரை. ஞாயிற்றுக்கிழமை கோப்பில் ஐந்தாவது பேருக்கு நேராக அரை. அது எனக்குத் தெரிந்ததுதான். சும்மா திங்கட்கிழமையைத் திறந்தேன்.

காத்தான், ஒன்று.

குறிப்பு எழுதும் இடத்தில் ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில் அடித்திருந்தார். தாமதமாக வந்தார். மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார். வேலையை முடித்தார். முழுப் பேர்.

செவ்வாயும் அதேதான். புதன், வியாழன், அதேதான். நான்கு நாளும் அந்த வரியை முழுவதுமாக அடித்திருந்தார்.

காத்தான் என் அப்பா என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று விழித்தேன். பிறகுதான் சர்வீஸ் தாள் நினைவுக்கு வந்தது. நம் அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் இன்னாரின் மகள் என்று இருக்குமே. தனலட்சுமி, காத்தானின் மகள். கையெழுத்துக்கு மேலே நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கிராணியின் கண்ணுக்கு அது தப்புமா? அவர் ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கடையிலேயே அழுதேன். தவுக்கே டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்துவிட்டார்.

திங்கட்கிழமைப் பக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தையும் பிரிண்டரில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா அப்போது என்னோடுதான் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் வாசித்துச் சொன்னேன். எந்த நாளைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. இரண்டு தாளையும் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அரை எது, ஒன்று எது என்று அவருக்குப் படிக்கத் தெரியும்.

“மொத நாளு அரை போட்டிருக்கான்” என்றார்.

“ஆமாப்பா.”

“கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டு மறுநாளு திருத்தியிருக்கான்.” தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “பரவால்ல. நல்ல கிராணிதான்.”

அந்த டிஸ்க் இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் கவுண்டரில் தலையாட்டிவிட்டுப் போனாரே அந்த மனிதர், அவருடைய போன் நம்பர் பில்லில் இருக்கும். இன்றைக்கே கூப்பிட்டு, அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். அவருக்குப் போட்ட பெட்டி இன்னும் கடையை விட்டுப் போகவில்லை.